சைடு வீல் வாங்கப் போகிறீர்களா?

குழந்தைகளே! மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். 'கடகட கடகட' என்று ஒரு சத்தம் வரும். மாவு மில் ஓடுகிறதோ என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது வீட்டுப் பாப்பா சைக்கிளில் வருகிறாள்! பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கையளவில் இரண்டு குட்டிச் சக்கரங்கள். அவைதான் அத்தனை சத்தமும் போடுகின்றன.

சேலையூரிலும் சிட்லப்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் இதற்குச் 'சைடு வீல்' என்று பெயர். 'பேலன்ஸ் வீல்' என்று கேட்டாலும் சைக்கிள் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அது ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது? உள்ளே காற்று இல்லை, அதுதான் காரணம். சைக்கிளின் பெரிய சக்கரங்களில் டியூப் இருக்கிறது, காற்று இருக்கிறது. கல்லும் குழியும் நமக்குத் தெரியாமல் அது தாங்கிக்கொள்கிறது. காற்றடைத்த டயர் நமக்குக் கிடைத்ததிலும் ஒரு குழந்தைக்குப் பங்கு உண்டு, தெரியுமா? பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். தன் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகத்தான் அவர் ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். சைடு வீலுக்கு மட்டும் அந்த யோகம் வரவில்லை. அது இன்னும் கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ கெட்டி ரப்பராகவோதான் இருக்கிறது.

சைடு வீலைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன்தான் காரணம். ஏழாம் வகுப்பு படிக்கிறான், வயதுக்கு மீறிய உயரம். அவனுடைய மாமா ஒரு ரோட் பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், பெருவிரல் அகலத்துக்கு மெல்லிய டயர், ஏகப்பட்ட கியர். பையனுக்கோ சைக்கிளே ஓட்டத் தெரியாது! யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, "சார், இதுக்கு நல்லா உழைக்கிற சைடு வீலா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

ரோட் பைக்குக்குச் சைடு வீல் ஒத்துவராது. சாதாரணச் சிறுவர் சைக்கிளில் பின்சக்கரத்தின் அச்சு இரண்டு பக்கமும் மரை போட்டு நீண்டிருக்கும். அதில் சைடு வீலின் இரும்புப் பட்டையைச் செருகி, மேலே நட்டு போட்டு முறுக்கிவிடலாம். பெரும்பாலான ரோட் பைக்குகளில் அப்படி நீண்ட அச்சே கிடையாது. கருவி எதுவும் இல்லாமல் சக்கரத்தைக் கழற்றுவதற்காக உள்ளே ஒரு மெல்லிய கம்பியைக் கோத்து, ஓரத்தில் ஒரு லீவர் வைத்திருப்பார்கள். பட்டையைச் செருக இடம் எங்கே? வலது பக்கத்திலோ, பட்டை வரவேண்டிய இடத்தில்தான் கியர் மாற்றும் கருவி தொங்கிக்கொண்டிருக்கும்.

இடம் இருந்தாலும் நான் போடச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக் காபி டம்ளரையும் டபராவையும் எடுத்துப் பக்கவாட்டில் ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். டம்ளர் சாய்ந்துவிடும்; டபரா நகருமே தவிரச் சாயாது. உயரம் கூடி, அடிப்பக்கம் குறுகி இருப்பது எளிதில் கவிழும். சின்ன சைக்கிளில் உட்காரும் குழந்தை தரைக்கு அருகில் இருக்கிறது. சைடு வீல் அதை டபரா ஆக்கிவிடுகிறது. ரோட் பைக்கில் உட்காருகிறவர் எங்கோ மேலே இருக்கிறார். கீழே ஒரு சாண் அகலத்துக்குச் சக்கரம் வைத்தாலும் டம்ளர் டம்ளர்தான்! அதிலும் வேகமாக ஒரு வளைவில் திரும்பினால் கேட்கவே வேண்டாம்.

பெரிய சைக்கிளுக்கு என்றே கனமான சைடு வீல்கள் உண்டு. நட்டு போட்ட அச்சும் தடித்த இரும்புச் சட்டமும் உள்ள சைக்கிளுக்கு அவை பொருந்தும். அது யாருக்குத் தேவை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ 12, 14, 16 அங்குலச் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதற்குச் சைடு வீல் வாங்க அப்பாவோடு நீங்களும் போகிறீர்கள். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கூட்டத்தில் முட்டிமோதிக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் எதைப் பார்ப்பீர்கள்? சிவப்பா, மஞ்சளா என்று சக்கரத்தைத்தானே? அதைப் பிறகு பார்க்கலாம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புப் பட்டையை முதலில் பாருங்கள். முதலில் வளைவது அதுதான். பாப்பா ஒரு பக்கம் சாயும்போது அவளுடைய கனத்தில் பெரும்பகுதி அந்த ஒரே பட்டையில் வந்து விழுகிறது. பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அப்பாவை அழுத்தச் சொல்லுங்கள். கையாலேயே வளைந்து கொடுத்தால் வாங்காதீர்கள். தட்டையான தகட்டைவிட, நடுவில் மடிப்பு விட்டு வார்த்த பட்டை அதிகம் தாங்கும். ஒரு காகிதத்தை அப்படியே நீட்டிப் பிடித்தால் துவளும், நீளவாக்கில் மடித்துப் பிடித்தால் நிற்கும் அல்லவா? அதே கதைதான்.

அடுத்து, அச்சில் செருகும் இடத்தில் பட்டையோடு ஒரு சிறிய பிடிப்புத் தகடு வருகிறதா என்று பாருங்கள். அது சைக்கிள் சட்டத்தில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் நட்டை எவ்வளவுதான் முறுக்கினாலும் குழியில் ஒரு குதி குதித்ததும் பட்டை மேலே திரும்பிக்கொள்ளும். சைடு வீல் காற்றில் நிற்கும், பாப்பா தரையில் கிடப்பாள்.

சக்கரத்துக்கு இப்போதுதான் வருகிறோம். அதன் நடுத்துளையைப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் துளை போட்டு ஒரு போல்ட்டைச் செருகியிருந்தால் நாளடைவில் துளை தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய ஜோடி பதினைந்தே நாளில் ஆட்டம் கண்டது. துளைக்குள் இரும்புப் புஷ்ஷோ பேரிங்கோ வைத்தது கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் உங்கள் தங்கை ஓட்டி முடித்து, சித்தி மகன் ஓட்டி முடிக்கும் வரை உழைக்கும். சக்கரத்தின் விளிம்பில் ரப்பர் பட்டை சுற்றியிருந்தால் இன்னும் நல்லது. சத்தம் குறையும், மொசைக் தரையிலும் வழுக்காது. மதியம் தூங்குகிற பக்கத்து வீட்டுத் தாத்தாவும் உங்களை வாழ்த்துவார்!

எத்தனை அங்குலச் சைக்கிளுக்கு, எத்தனை கிலோ எடைக்கு என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். 12 அங்குலத்துக்கு வாங்கியதை 20 அங்குலத்தில் மாட்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டை நீளம் எட்டாமல், சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, நொண்டிக் கோழி மாதிரி போகும்.

மாட்டுகிற வேலையைச் சைக்கிள் கடை அண்ணனிடமோ பெரியவர்களிடமோ விட்டுவிடுங்கள். பின்சக்கர நட்டைத் தளர்த்தினால் சக்கரம் முன்னே நகர்ந்து செயின் தொளதொளத்துவிடும். சக்கரத்தை நேராக்கி, செயினைச் சரியாக இழுத்து வைத்த பிறகுதான் நட்டை முறுக்க வேண்டும். பட்டையின் கனம் சேர்ந்த பிறகும் நட்டு முழுவதும் மரையில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பாதி மரையில் நிற்கிற நட்டு பாதி வழியில் கழன்றுவிடும்.

ஆனால் ஒரு வேலை உங்களுக்கு உண்டு. சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்திச் சொல்லி, கீழே குனிந்து பாருங்கள். இரண்டு சைடு வீலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டால் தவறு! ஒவ்வொன்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி எதற்கு என்றால், நம் ஊர்த் தெருவுக்காகத்தான்.

நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். பழைய சாலை மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு நடுப்பகுதி உயர்ந்து, ஓரம் சரிந்து கிடக்கும். பாதாளச் சாக்கடை மூடி ஓரிடத்தில் மேலே துருத்தும், இன்னோரிடத்தில் பள்ளமாக இருக்கும். இப்படி ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கும்போது இரண்டு சைடு வீலும் பள்ளத்தின் இரண்டு கரையிலும் ஏறி நின்றுகொண்டால் என்ன ஆகும்? பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்! பெடலை மிதித்தால் சக்கரம் சும்மா சுழலும், வண்டி நகராது. அதுகூடப் பரவாயில்லை. சரிவில் இறங்கும்போது இப்படி நடந்தால் பின் பிரேக்கைப் பிடித்தும் பயன் இல்லை. தரையைத் தொடாத சக்கரத்தை நிறுத்தி வண்டியை எப்படி நிறுத்துவது? அதனால்தான் சைடு வீல் போட்ட சைக்கிளுக்கு முன் பிரேக்கும் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்கிறேன். வீட்டு கேட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் சாய்தளத்தில் தம்பி தங்கையைத் தனியாக இறங்க விடாதீர்கள். அது எங்கே போய் முடிகிறது? வண்டிகள் வரும் தெருவில்தானே!

ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமும் வேளச்சேரி சாலைப் பக்கமும் சைடு வீலோடு தலைகாட்டக் கூடாது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மைதானமோ, வண்டி வராத முட்டுச் சந்தோதான் உங்கள் இடம்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் சேறும் மணலும் நடுத்துளையில் புகுந்து அரைக்கும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் போதும்.

இவ்வளவு பார்த்து வாங்கியாகிவிட்டது. பாப்பா இனி சைக்கிள் கற்றுக்கொண்டுவிடுவாளா? கற்றுக்கொள்வாள், பாதியை மட்டும்! பெடல் மிதிக்கக் கற்பாள். பிரேக் பிடிக்கக் கற்பாள். விழாமல் இருக்கக் கற்க மாட்டாள்.

ஒரு துடைப்பக் கட்டையையோ நீளமான கம்பையோ உள்ளங்கையில் நேராக நிறுத்திப் பாருங்கள். கம்பு வலப்பக்கம் சாய்ந்தால் உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது? வலப்பக்கமே ஓடுகிறது, இல்லையா? சாய்கிற பக்கமே கையைக் கொண்டுபோய் அடியில் கொடுத்தால்தான் கம்பு நிமிரும். சைக்கிளும் அப்படித்தான். வலப்பக்கம் விழப் போனால் ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரங்கள் அந்தப் பக்கம் ஓடி, நம் கனத்துக்கு அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். ஓட்டத் தெரிந்தவர்கள் இதை யோசிக்காமலே நொடிக்கு நொடி செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆளே இல்லாமல் தள்ளிவிட்டாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் விழாமல் ஓடுகிறதே, அது ஏன்? சக்கரம் பம்பரம் மாதிரி சுழல்வதுதான் காரணம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அந்தச் சுழற்சியின் விளைவை எதிர்ச்சக்கரங்கள் வைத்து இல்லாமல் செய்துவிட்டு ஒரு விசித்திர சைக்கிளைக் கட்டினார்கள். அதுவும் விழாமல் ஓடியது! 2011-ல் இதை வெளியிட்டார்கள். சுழற்சி இல்லாவிட்டாலும் சாய்கிற பக்கம் முன்சக்கரம் தானே திரும்புமாறு அமைத்தால் வண்டி நிமிர்ந்துகொள்கிறது.

சைடு வீல் இந்தச் சாய்வையே தடுத்துவிடுகிறது. வண்டி சாயாதபோது, சாய்வைச் சமாளிக்க எப்படிப் பழக முடியும்? பேருந்து திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறோமே, அதுபோலச் சைடு வீல் சைக்கிளில் திரும்பும் குழந்தையும் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு அந்தப் பக்கத்துச் சின்னச் சக்கரத்தில் கனத்தைப் போட்டுக்கொள்கிறது. இரண்டு சக்கரத்தில் போகும்போதோ உள்பக்கம் சாய வேண்டும். நேர்மாறான பழக்கம்! இரண்டு வருடம் சைடு வீலோடு ஓட்டிய குழந்தை அதைக் கழற்றிய அன்றே தடுமாறுவது இதனால்தான்.

எங்கள் காலத்தில் சைடு வீலை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்குப் பேசிப் பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளை எடுப்போம். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. அதனால் குறுக்குக் கம்பிக்குக் கீழே ஒரு காலை விட்டு, உடம்பை ஒருக்களித்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிப்போம். இதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு: விழப் போனால் உடனே காலைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் ஊர் முழுக்கச் சைக்கிள் கற்றது.

குழந்தைகள் மட்டுமா? 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியில் இறங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அதோடு சேர்த்தார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், ஆசிரியைகள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. சரி என்று ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள்! முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க அதுவே வசதி என்றவர்களும் உண்டு. தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, வகுப்புக்குப் போக யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம் என்று ஆனது. சேலை கட்டிக்கொண்டு, ஊரார் கேலியையும் கேட்டுக்கொண்டு, சைடு வீல் இல்லாமல் கற்றவர்கள் அவர்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர இன்னொரு பெண் இருந்தாள், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய வகுப்புக்கு வந்தும் சைக்கிள் தெரியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளிலேயே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. புதுச் சைக்கிளை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "சைடு வீல் போட்டுக்கொள்" என்று சொன்னால் போட்டுக்கொள்வார்களா? அவர்களுக்கும் அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கும் வேறு வழி இருக்கிறது. அது 1817-லேயே வந்துவிட்ட வழி!

அந்த ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தால் செய்த இருசக்கர வண்டி ஒன்றில் வந்தார். அதற்குப் பெடலும் இல்லை, செயினும் இல்லை. சீட்டில் உட்கார்ந்து காலால் தரையை உந்தி உந்தி ஓட்ட வேண்டும். முதலில் பேலன்ஸ், பெடல் பிறகு என்ற வரிசையில்தான் உலகமே சைக்கிளைக் கற்றிருக்கிறது.

நீங்களும் அப்படியே செய்யலாம். கால் எட்டும் ஒரு சைக்கிளில் சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வையுங்கள். கடையில் இரண்டு பெடலையும் கழற்றித் தரச் சொல்லுங்கள். வலது பெடல் வழக்கம்போலக் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும், கடிகாரமுள் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் வரும். இது தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துவிடுவார்கள், கவனம்! இப்போது மைதானத்தில் உட்கார்ந்து காலால் உந்துங்கள். முதலில் நடை, பிறகு தாவல். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்து எண்ணும் வரை போக முடிந்தால் பேலன்ஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். பெடலை மாட்டிக்கொள்ளலாம். ரோட் பைக்காக இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு, தடித்த டயர் உள்ள ஒரு சாதாரண சைக்கிளை இரவல் வாங்கிப் பழகுங்கள். அந்தப் பையனுக்கும் இதையே சொன்னேன்.

ஆனால் ஒன்று. உடல் தசைகளின் கோளாற்றாலோ வேறு காரணத்தாலோ பேலன்ஸ் கைவராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சைடு வீல் எப்போதைக்குமான துணை. முன்பு சொன்ன கனமான சைடு வீல்கள் அவர்களுக்கு உதவும்; மருத்துவரையோ இயன்முறைச் சிகிச்சை தருபவரையோ கேட்டு முடிவு செய்ய வேண்டும். மூன்று சக்கர சைக்கிள் சிலருக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும். உங்கள் வகுப்பில் யாராவது அப்படி வந்தால், "இன்னுமா சைடு வீல்?" என்று கேட்டுவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைக்குச் சைடு வீல் போட்டிருந்தால் அதை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே வரலாம். பட்டையில் நீளத்துளை விட்டிருப்பது இதற்குத்தான். கழற்றும்போது இரண்டையும் ஒன்றாகக் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் குழந்தை அந்தப் பக்கமே சாய்ந்து ஓட்டப் பழகிவிடும்.

கழற்றியதைப் பரணில் எறிய வேண்டாம். துடைத்து எண்ணெய் தடவி, பட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்து, நட்டு, வாஷர், பிடிப்புத் தகடு எல்லாவற்றையும் ஒரு பழைய டப்பாவில் போட்டு, எத்தனை அங்குலச் சைக்கிளுக்கு உரியது என்று மேலே எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்து யார் வீட்டுக் குட்டிக்குச் சைக்கிள் வந்திருக்கிறதோ, டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.